ரசம் போன கண்ணாடி: 1972 அம்பாசிடருக்கு ஏழு மாத வேலை

கடந்த ஞாயிற்றுக்கிழமை ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறினேன். 40 கொண்டை ஊசி வளைவுகள். புறப்படும் முன் வண்டிக்குள் இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியின் உருண்டை மூட்டில், தண்டும் கிண்ணமும் சேரும் இடத்தில், வெள்ளைப் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தேன். மேலே போய் இறங்கி வந்து பார்த்தபோது கோட்டின் இரண்டு பாதிகளும் நேராகவே நின்றன; கண்ணாடி அசையவே இல்லை. ஏப்ரலில் தொடங்கிய வேலை நவம்பரில் முடிந்துவிட்டது என்று அப்போதுதான் நம்பினேன். மறப்பதற்குள் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

வண்டி 1972 அம்பாசிடர் மார்க் 2. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில் பல வருடங்கள் நின்றிருந்ததை வாங்கினேன். எஞ்சின், பிரேக், வயரிங் எல்லாம் முடிந்து ஓடத் தொடங்கிய பிறகும் உட்புறக் கண்ணாடி மட்டும் அப்படியே இருந்தது. சுற்றிலும் கறுப்பாக அரித்து, நடுவில் ஒரு தீப்பெட்டி அளவுக்குத்தான் முகம் தெரியும். ஒவ்வொரு வேகத்தடையிலும் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். கடையில் 350 ரூபாய்க்குப் பிளாஸ்டிக் கண்ணாடி கிடைக்கிறது. பழைய வண்டிகளைச் சீரமைப்பவர்களில் பலர் பெயிண்டுக்கு லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு, ஓட்டுபவரின் கண் அடிக்கடி போகும் இடத்தில் அந்தப் பிளாஸ்டிக்கை மாட்டிவிடுகிறார்கள். எனக்கு அது மனம் ஒப்பவில்லை. மெல்லிய தண்டும், விளிம்பு மடித்த தகட்டுக் கூடும் கொண்ட அந்தப் பழைய கண்ணாடிதான் கூரையின் அந்த வளைவுக்குப் பொருந்தும்.

கழற்றுவது பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். முன்கண்ணாடிக்கு மேலே கூரைச் சட்டத்தில் அடிப்பாகத்தை மூன்று திருகுகள் பிடித்திருந்தன. இரண்டு பழையவை, ஒன்று யாரோ பிறகு போட்ட தடித்த தகட்டுத் திருகு. பழைய இரண்டும் துருவில் இறுகியிருந்தன. மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து, பஞ்சால் தொட்டு வைத்து இரண்டு இரவு விட்டேன். மூன்றாம் நாள், தலைப் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி அரத்தால் ராவிய திருப்புளியை வைத்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சிறு அசைவு கொடுத்து, பிறகு கழற்றும் பக்கம் திருப்பினேன். வந்துவிட்டது. கூரைத் துணியில் எண்ணெய் படாமலிருக்கச் சுற்றிலும் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தேன். இதைச் செய்யாவிட்டால் துணியில் கறை நிரந்தரம்.

மேசையில் வைத்துப் பார்த்தால் இது மூன்று தனித்தனிப் பொருட்கள். கண்ணாடித் துண்டு ஒன்று. அதைப் பிடித்திருக்கும் குரோம் பூசிய எஃகுத் தகட்டுக் கூடும் அதன் தண்டும் ஒன்று; தண்டின் நுனியில் உருண்டை. கூரையில் பொருந்தும் அடிப்பாகம் மற்றொன்று. உருண்டையைக் கவ்வும் கிண்ணமும் ஸ்பிரிங்கும் அதில். எந்த வரிசையில் தொடுவது என்று நான் யோசிக்கவே இல்லை. கண்ணுக்கு உறுத்தியது கண்ணாடி என்பதால் அதில் தொடங்கினேன். ஏழு மாதம் ஆனதற்கு முதல் காரணம் அதுதான்.

கூட்டின் விளிம்பு கண்ணாடியின் மேல் ஏறத்தாழ 2 மி.மீ. மடிந்திருந்தது. நான்கு பக்கமும் நெம்பித் திறந்தால் தகடு மூலைகளில் கிழியும். கீழ்ப்பக்க நீள விளிம்பை மட்டும் நிமிர்த்தி, கண்ணாடியை அந்த வழியாக உருவிவிடலாம் என்று முடிவு செய்தேன். நல்ல முடிவு; பின்னால் முலாம் பூசியபோது இதன் அருமை தெரிந்தது. முனை மழுங்கிய திருப்புளியில் துணி நாடா சுற்றி, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரு தடவைக்கு அரை மி.மீ. வீதம் ஆறு தடவை நெம்பினேன். ஒரே இடத்தில் அவசரப்பட்டால் அங்கே தகடு பற்றிக்கொண்டு மடிப்பு விழும். பிறகு அது நிமிரவே நிமிராது.

உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அட்டை இருந்தது. கண்ணாடி ஆடாமலிருக்க ஆலையிலேயே வைத்தது போலும். தொட்டால் உதிர்ந்தது. அதில் ஈரம் ஏறி இறங்கிய கறைகள் வளையம் வளையமாக இருந்தன. கண்ணாடியின் முதுகில் எங்கே கறுத்திருந்ததோ, அட்டையிலும் சரியாக அதே இடத்தில் வளையம். நோய் எங்கிருந்து வந்தது என்று கையில் எழுதிக் கொடுத்தது போல இருந்தது அது. நான் அதைப் பார்த்தேன், படம்கூட எடுத்தேன், அதன் பொருளை மட்டும் ஏறக்குறைய நான்கு மாதம் கழித்தே புரிந்துகொண்டேன்.

வெர்னியர் அளவியில் அளந்த கணக்கு: நீளம் 178.5, அகலம் 50.5, தடிமன் 2.9 மி.மீ. கண்ணாடியை மட்டும் மாற்றிவிட்டால் ஒரு நாளில் வேலை முடிந்திருக்கும். ஆனால் ஐம்பது வருடக் கண்ணாடியைத் தூக்கிப் போட மனமில்லை. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லையே, ரசம்தானே போயிருக்கிறது, மறுபடி ரசம் பூசினால் என்ன என்று தோன்றியது.

ரசம் என்ற சொல்லே அந்தக் காலத்தை நமக்காகச் சேமித்து வைத்திருக்கிறது. வெள்ளீயத் தகட்டின் மேல் பாதரசம் ஊற்றிக் கண்ணாடியில் ஏற்றிய நாட்களின் சொல் அது. 1835-இல் லீபிக் கண்ணாடி மேல் வெள்ளியைப் படிய வைக்கும் வேதியியல் வழியைக் கண்டுபிடித்தார். அதன் வழியில் வந்த முறைகள் பரவி, பாதரசம் போயே போய்விட்டது. ஆனால் நாம் இன்றும் ரசம் என்றே சொல்கிறோம். என் கண்ணாடியின் முதுகிலும் இருந்தது வெள்ளிதான்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை ஒருவர் இருக்கிறார். நான் போய்ச் சொன்னதும் சில்வர் நைட்ரேட்டின் பெயரைக் கேட்டே அவர் முகம் மாறியது. "தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். கலந்த கரைசலை எவ்வளவு நேரம் வைத்திருப்பீர்கள்?" என்றார். தெரியாது என்றேன். "ஒரு மணி நேரம்கூட வைக்கக் கூடாது. வேண்டியதை மட்டும் கலக்க வேண்டும், முடிந்ததும் அமிலம் விட்டு முறித்துக் கொட்டிவிட வேண்டும். அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசல் காய்ந்து படிந்தால் தொட்டாலே வெடிக்கும்." அவர் மேற்பார்வையில் அவர் வீட்டுப் பின்கட்டில் செய்வதாக ஏற்பாடு. முகக் கவசம், ரப்பர் கையுறை இரண்டும் கட்டாயம். இதைப் படித்துவிட்டு யாராவது முயல்வதாக இருந்தால் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொட வேண்டாம். கையில் பட்ட சொட்டுகூட மறுநாள் கறுத்து, தோல் உரியும் வரை போகாது.

10 கிராம் சில்வர் நைட்ரேட் 1,450 ரூபாய். அம்மோனியா, காஸ்டிக் சோடா, குளுக்கோஸ், ஸ்டானஸ் குளோரைடு எல்லாம் சேர்த்து 480. ஒரு தடவைக்கு ஒன்றரை கிராம் வெள்ளி உப்பு என்று கணக்கு வைத்தோம். பழைய பெயிண்டைப் பெயிண்ட் ரிமூவரால் எடுத்து, எஞ்சிய வெள்ளியை நுண்ணிய கால்சியம் கார்பனேட் தூளைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்து எடுத்தேன். கண்ணாடி மட்டும் கையில் வந்தபோது அழகாக இருந்தது, ஓரத்தில் இளம்பச்சை.

முதல் முயற்சி கேன் தண்ணீரில். உப்பைப் போட்டதுமே தண்ணீர் பால் போல வெளுத்தது. தண்ணீரில் இருந்த குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொண்டுவிட்டது. "இதைத்தான் முதலில் சோதித்திருக்க வேண்டும், நானும் மறந்துவிட்டேன்" என்றார் பேராசிரியை. பிறகு பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். தெளிவாகவே நின்றது. அதன் பிறகு எல்லாம் அந்தத் தண்ணீர்தான், கண்ணாடியைக் கழுவுவதுகூட.

இரண்டாம் முயற்சியில் வெள்ளி படிந்தது, ஆனால் சிறுத்தைத் தோல் போலத் திட்டுத் திட்டாக. விரல் கொழுப்பு. கழுவிய கண்ணாடியில் தண்ணீர் எங்கும் உடையாமல் ஒரே படலமாக நின்றால்தான் அது சுத்தம்; ஓரிடத்தில் விலகினாலும் மறுபடி கழுவ வேண்டும். அன்று முதல் கண்ணாடியின் முகத்தைத் தொடாமல் ஓரத்தை மட்டும் பிடித்தேன்.

மூன்றாம் முயற்சி மே மாதப் பிற்பகலில். பின்கட்டில் 37 டிகிரி. குளுக்கோஸை ஊற்றியதும் கரைசல் கறுத்து, வெள்ளி கண்ணாடியில் ஒட்டாமல் சேறாக அடியில் இறங்கியது. வேகம் கூடிவிட்டது. நான்காவதை விடியற்காலையில் வைத்துக்கொண்டு, தட்டுகளை ஐஸ் தண்ணீரில் மிதக்கவிட்டு 22 டிகிரிக்குக் கொண்டுவந்தோம். கரைசல் முதலில் தேநீர் நிறமானது, பிறகு கறுப்பு, பிறகு தட்டின் சுவர்களில் மெல்ல வெளிச்சம் ஏறியது. ஐந்து நிமிடம் தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கண்ணாடியைத் தூக்கித் திருப்பினால் என் முகமும், பின்னால் குனிந்து நின்ற அவர் முகமும், அவர் தோட்டத்து முருங்கையும் அதில் இருந்தன. நாங்கள் இருவரும் சற்று நேரம் பேசவில்லை. என் கையால் செய்த வேலைகளில் இதற்கு இணையாக மகிழ்ச்சி தந்தது வேறொன்று இல்லை.

ஒரு நாள் காயவிட்டு, அரக்குக் கரைசல் இரண்டு பூச்சு, அதன்மேல் கறுப்பு எனாமல். இங்கேதான் பெரிய தவறு. உள்ளே இருந்த அட்டை உதிர்ந்துபோனாலும் மூலத்தில் இருந்தது போலவே இருக்க வேண்டும் என்று, அதே தடிமனில் புது அட்டை வெட்டி வைத்தேன்.

இதற்கிடையில் கூட்டையும் அடிப்பாகத்தையும் துரு நீக்கும் வேலை. இரண்டு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து, இரவு முழுவதும் ஊறப் போட்டேன். காலையில் கூடு பளிச்சென்று சாம்பல் நிறத்தில் இருந்தது. அதே வாளியில் போட்ட அடிப்பாகம் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது. அது எஃகு இல்லை, துத்தநாக வார்ப்பு. அமிலம் அதைத் தின்றுவிட்டது. ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். இப்போது பட்டறைச் சுவரில் ஒரு காந்தம் கயிற்றில் தொங்குகிறது. எந்தப் பாகமும் அதைத் தொடாமல் வாளிக்குள் போவதில்லை. நல்லவேளை, அடிப்பாகம் முதலிலேயே சாம்பல் பெயிண்ட் அடித்ததுதான். குழிகளை எபாக்சி மெழுகால் நிரப்பி, 220, 400, 800 உப்புத்தாளில் தேய்த்து மறுபடி பெயிண்ட் அடித்தேன். பிரைமரும் பெயிண்டும் 340 ரூபாய். பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தாலும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும்.

கூட்டை முலாம் பூசும் பட்டறைக்குக் கொடுத்தேன். செம்பு, நிக்கல், அதன்மேல் மிக மெல்லிய குரோம். மினுக்கம் எல்லாம் அடியில் இருக்கும் மெருகிலும் நிக்கலிலும்தான். குரோம் அதைக் காக்கும் தோல். அதனால் துருக்குழிகளைக் கொடுப்பதற்கு முன்பே தேய்த்துச் சமன் செய்துவிட வேண்டும், முலாம் குழியை மூடாது, எடுத்துக் காட்டும். 700 ரூபாய். நான்கு விளிம்புகளையும் நிமிர்த்தியிருந்தால் முலாமுக்குப் பிறகு நான்கையும் மடித்திருக்க வேண்டும். மடிக்கும் இடத்தில் நிக்கலும் குரோமும் மயிர்க்கோடாக வெடிக்கும். எனக்குக் கீழ் விளிம்பில் மட்டும் அந்தக் கோடுகள் விழுந்தன, அதுவும் சட்டென்று கண்ணில் படாத பக்கம். தண்டின் நுனி உருண்டைக்கு முலாம் வேண்டாம் என்று சொல்லி, மெழுகு நாடா சுற்றிக் கொடுத்தேன். உருண்டை வழுக்கினால் கண்ணாடி நிற்காது.

ஜூன் நடுவில் எல்லாம் மாட்டினேன். அழகாக இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழைக்காற்று கோவைக்குள் வந்துகொண்டிருந்த நாட்கள். ஆறாவது வாரம், வலது கீழ் மூலையில் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி. எட்டாவது வாரம் ஓரம் முழுக்க எறும்பு ஊர்வது போல. கூட்டைத் திறந்தேன். புது அட்டை ஈரமாக இருந்தது. பழைய அட்டையின் வளையங்கள் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. அந்தக் கால ஆலைக் கண்ணாடியில் வெள்ளிக்கு மேல் செம்புப் படலமும் அதற்கு மேல் பெயிண்டும் இருக்கும். என்னுடையதில் செம்பு இல்லை, அரக்கு மட்டும்தான்; அதையும் ஈர அட்டையோடு சேர்த்து அழுத்தி வைத்திருந்தேன். பேராசிரியையிடம் போய்ச் சொல்லவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

அந்த அட்டையைப் பற்றி நிறைய யோசித்தேன். கண்ணில் படும் வடிவம், கையில் படும் தண்டு, முலாமின் நிறம் இவை வண்டியின் மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பதில் இன்றும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் உள்ளே மறைந்திருந்து பொருளைக் கெடுக்கும் ஒன்றை, முதலில் இருந்தது என்பதற்காகத் திரும்ப வைப்பது மரியாதை இல்லை. ஆலையில் அன்றைக்கு மலிவாகக் கிடைத்ததை வைத்தார்கள், அவ்வளவுதான்.

கண்ணாடிக் கடைக்குப் போனேன். முதல் கடையில் 4 மி.மீ.தான் இருந்தது, வெட்டி வாங்கி வந்து பார்த்தால் விளிம்பு மடிய இடமில்லை. அந்தத் துண்டுக்குக் கடைக்காரர் காசு வாங்கவில்லை. பீரோக்களுக்குக் கண்ணாடி வெட்டிக் கொடுக்கும் இன்னொரு கடையில் ஏற்கெனவே ரசம் பூசிய 3 மி.மீ. கழிவுத் துண்டுகள் கிடைத்தன. அங்கிருந்த பெரியவர் நான் அளவுக்கு வெட்டிக் கொண்டுபோன அட்டையைப் பார்த்துவிட்டு, மூன்று துண்டாக வெட்டித் தருகிறேன், ஒன்று உடையும் என்றார். மூன்றுக்கும் சேர்த்து 80 ரூபாய். சக்கர வெட்டியை மண்ணெண்ணெயில் தொட்டு, ஒரே ஒரு கோடு. அதே கோட்டில் இரண்டாம் முறை இழுக்கவே கூடாது என்றார், அப்படி இழுத்தால் உடையும்போது கண்ணாடி தன் இஷ்டத்துக்குப் போகும். அளவை மூலத்தைவிடச் சற்றுக் குறைத்து 177 × 49 ஆக வைத்தேன். ஒரு பக்கத்திலிருந்து உருவி நுழைக்க அந்த ஒன்றரை மி.மீ. வேண்டும்.

மூலை வளைவுகளை நானே தேய்த்தேன். 120-ஆம் எண் நீர் உப்புத்தாளைச் சமப்பலகையில் ஒட்டி, தண்ணீர் விட்டுக்கொண்டே, பிறகு 220, பிறகு 400. ரசப் பக்கத்திலிருந்து கண்ணாடிப் பக்கமாக ஒரே திசையில் தள்ள வேண்டும். மாறித் தேய்த்தால் தாள் ரசத்தை ஓரத்தில் உரித்துவிடும். ஒரு மூலைக்கு இருபது நிமிடம்.

ஓரங்களை அடைக்கச் சிலிக்கான் பசை வாங்கி வைத்திருந்தேன். அதையும் அந்தப் பெரியவரிடம் காட்டினேன். மூடியைத் திறந்து முகர்ந்தார். "காடி நாற்றம் வருகிறது பாருங்கள், இது ரசத்தைத் தின்றுவிடும்" என்றார். உலரும்போது அசிட்டிக் அமிலம் விடும் வகை அது. வாடையில்லாத நியூட்ரல் வகைக் குழாய் 260 ரூபாய். அதை ஓரம் முழுக்க மெல்லிய கோடாக இழுத்து, விரலில் சோப்புத் தண்ணீர் தொட்டு வழித்துவிட்டேன். கண்ணாடியின் முதுகில் ஒட்டுப்படலம் ஒன்றும் ஒட்டினேன், 90 ரூபாய். விபத்தில் உடைந்தால் துண்டுகள் முகத்தில் சிதறாமல் அதிலேயே நிற்கும். பழைய கண்ணாடியில் அப்படி எதுவும் இல்லை. அட்டைக்குப் பதில், தண்ணீர் குடிக்காத நுரைத் தாள் 2 மி.மீ.; அது பாகங்கள் வந்த பெட்டியில் கிடந்தது.

பெரியவர் சொன்னபடியே முதல் துண்டு உடைந்தது. விளிம்பை நடுவிலிருந்து மடிக்கத் தொடங்கினேன். அழுத்தம் ஒரு புள்ளியில் விழுந்து குறுக்கே கீறியது. இரண்டாவதில், திறந்தது போலவே ஓரத்திலிருந்து ஓரம் வரை, வேப்பமரக் கட்டையை வைத்துச் சிறு சுத்தியலால் தட்டி, ஏழு தடவையில் மடித்தேன். சத்தம் கனமாக மாறும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு கண்ணாடி வேகத்தடைகளில் தலைகவிழ்வது மட்டும் நிற்கவில்லை. தெளிவான கண்ணாடி மடியைக் காட்டிக்கொண்டு தொங்கினால் என்ன பயன்? மூட்டுக்கு வந்தேன், ஏழு மாத வேலையில் உண்மையான வேலை இதுதான்.

உருண்டையைப் பல திசையில் அளந்தேன்: ஒரு பக்கம் 13.9, இன்னொரு பக்கம் 13.6 மி.மீ. தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டது. கிண்ணமும் அப்படியே. ஸ்பிரிங் துருப்பிடித்துப் பாதி வலு இழந்திருந்தது. கிண்ணத்தை இறுக்கும் திருகின் மரை தேய்ந்திருந்ததால் அதைத்தான் முதலில் மாற்ற நினைத்தேன். கையிலிருந்த எம்5 என்ற மெட்ரிக் அளவுத் திருகு இரண்டு சுற்று நன்றாக உள்ளே போனது, மூன்றாவதில் இறுகியது. அளவு சரி, மரையில் அழுக்கு என்று நினைத்து எண்ணெய் விட்டுத் திருக இருந்தேன். அங்கே நின்றது என் நல்ல காலம். மரை அளவியை வைத்துப் பார்த்த பிறகே விஷயம் தெரிந்தது. இந்த வண்டியின் வேர் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரில் இருக்கிறது, திருகு 2பிஏ என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. அதன் விட்டம் 4.7 மி.மீ., மரை இடைவெளி 0.81. எம்5-இன் விட்டம் 5, இடைவெளி 0.8. இடைவெளி ஏறக்குறைய ஒன்றுதான், அதனால்தான் நுழைகிறது. விட்டம் பெரிது, அதனால் துத்தநாகத்தின் மரையை அறுத்துவிடும். பத்துக்கு முப்பத்திரண்டு என்ற அமெரிக்க மரையும் 4.83 மி.மீ. என்று இவற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மூன்றையும் கண்ணால் பிரிக்க முடியாது. பழைய மரைகளுக்குப் பேர்போன ஒரு கடையில் 2பிஏ திருகுகள் நான்கு, 60 ரூபாய். புது ஸ்பிரிங்கைக் கடைக்காரரே பழைய பெட்டியிலிருந்து தேடிக் கொடுத்தார், காசு கேட்கவில்லை.

கிண்ணத்துக்கும் உருண்டைக்கும் நடுவே எதையாவது வைத்தாக வேண்டும். முதலில் சைக்கிள் டியூப் ரப்பர். மூன்று நாள் நின்றது. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ரப்பர் இளகி உருண்டையோடு ஒட்டிக்கொண்டது. திருப்பினால் வராது, அழுத்தினால் திடீரென்று துள்ளும். அடுத்து கோவை கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் நைலான் கிண்ணம் கடைந்தேன், 250 ரூபாய். வேலை அருமை, கைக்கு வெண்ணெய் போல அசைந்தது. சாலையிலும் வெண்ணெய் போலவே அசைந்தது. ஸ்பிரிங் தராசின் கொக்கியைக் கண்ணாடியின் ஓரத்தில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். நைலானில் 250 கிராமுக்கே நகர்ந்தது. கண்ணாடியின் எடை மட்டும் 210. வேகத்தடையில் தூக்கிப் போட்டால் நிற்காதது ஏன் என்று இந்த இரண்டு எண்களே சொல்லிவிட்டன. முதல் நாளே இந்தத் தராசை மாட்டியிருக்க வேண்டும்.

கடைசியில் தோல். செருப்புத் தைக்கும் அண்ணனிடம் 20 ரூபாய்க்கு ஒன்றரை மி.மீ. தடிமனில் ஒரு வட்டத் துண்டு. எந்தத் தோல் வேண்டும் என்று கேட்டார். சொன்னதும், பதமிட்ட மென்தோல் நழுவும், இந்தக் கட்டித்தோலை எடுங்கள் என்று அவரே தேர்ந்து கொடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, உருண்டையின் மேல் போர்த்தி, நூலால் கட்டி இரண்டு நாள் நிழலில் காயவிட்டேன். கிண்ணம் போலவே வடிவம் எடுத்துக்கொண்டது. நீள்வட்டமாகிப்போன உருண்டையின் குறையைத் தோல் தானே நிரப்பிக்கொள்கிறது. நைலானால் முடியாதது அதுதான். எண்ணெயோ கிரீஸோ தொடவில்லை. திருகைக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கி, தராசு 650 கிராம் காட்டிய இடத்தில் நிறுத்தினேன். ஒரு கையால் திருப்ப முடிகிறது, தானாக அசைவதில்லை. பத்து நாள் கழித்துத் தோல் அமுங்கி 520-க்கு இறங்கியது. மறுபடி அரைச் சுற்று. அதன் பிறகு இறங்கவில்லை.

மொத்தச் செலவு 3,730 ரூபாய். அதில் வேதிப்பொருட்களுக்கும் நைலானுக்கும் போன 2,180-ஐக் கழித்தால், வேலைக்கு உண்மையில் தேவைப்பட்டது 1,550. ஆனாலும் அந்த விடியற்காலைக்குக் கொடுத்த காசை வீண் என்று எழுத எனக்கு மனமில்லை.

இன்னொரு முறை செய்தால் வண்டியிலிருந்து கழற்றும் முன்பே தராசை மாட்டி மூட்டின் பிடியை அளப்பேன். அதைச் சரிசெய்து ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பேன். அதன் பிறகு காந்தம், பிறகு கூடு, கடைசியில் கண்ணாடி. துடைப்பதற்கும் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன்: அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தை நேராகத் தெளிப்பதில்லை, அது ஓரத்தில் இறங்கும். பருத்தித் துணியில் தண்ணீர் தொட்டுத் துடைத்தால் போதும்.

கூரைச் சட்டத்தில் அந்த மூன்றாவது திருகு இன்னும் தடித்த தகட்டுத் திருகாகவே இருக்கிறது. அந்த ஓட்டையை நிரப்பி மறுபடி மரை போட வேண்டும்; கூரைத் துணி மாற்றும்போது செய்வதாக இருக்கிறேன். ரசம் பூசிய பழைய கண்ணாடியைப் பேராசிரியை கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்றாவது துண்டு உடையாமல் மிஞ்சியிருக்கிறது. அதைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே 177 × 49, 3 மி.மீ. என்று எழுதி, டாஷ்போர்டுப் பெட்டியில் 2பிஏ திருகுகளோடு வைத்திருக்கிறேன்.